ஐம்பதைத் தாண்டிய முழங்காலில் ஜவ்வைத் தைத்தால் ஒட்டுமா?

வாசகர் ஒருவரின் கேள்வி, 08.01.2024
என் தாயாருக்கு வயது 57. வலது முழங்கால் வலிக்காக எடுத்த எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ஜவ்வு கிழிந்திருப்பதாக எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் துளையிட்டுச் சரிசெய்துவிடலாம் என்கிறார். இன்னொருவர், ஐம்பது வயதுக்கு மேல் தைத்தால் ஒட்டாது, மாத்திரையோடு காலம் தள்ளிப் பிறகு மூட்டை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். என் சித்தப்பாவோ, இந்த அறுவையே வீண், வெளிநாடுகளில் இது பயனற்றது என்று நிரூபித்துவிட்டார்கள் என்கிறார். மூவரில் யார் சொல்வது சரி?

08.01.2024, இரவு 10.15
மூவரும் வெவ்வேறு கிழிவுகளை மனத்தில் வைத்துப் பேசுகிறார்கள். எந்த ஜவ்வு, அதன் எந்தப் பகுதி, எவ்வாறு கிழிந்தது என்ற மூன்றும் தெரியாமல் இதற்குப் பதில் சொல்ல இயலாது. அறிக்கையின் கடைசிப் பத்தியை அப்படியே இங்கே எழுதுங்கள்.

நான் மருத்துவர் அல்ல. மின்வாரியத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள். ஆனால் எங்கள் குடும்பத்தில் மூன்று முழங்கால்களில் ஜவ்வு கிழிந்து, மூன்றுக்கும் மூன்று விதமான வைத்தியம் நடந்திருக்கிறது.

09.01.2024, காலை 6.30
முதலில் சொற்குழப்பத்தைத் தீர்ப்போம். நம் ஊரில் லிகமெண்ட் என்னும் தசைநாரும் ஜவ்வுதான், எலும்புகளுக்கு இடையில் உள்ள மெனிஸ்கஸும் ஜவ்வுதான். எலும்பின் முனையைப் போர்த்தியிருக்கும் வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்தாலும் "ஜவ்வு தேய்ந்துவிட்டது" என்றே சொல்கிறோம். என் சம்பந்தி தன் ஜவ்வு அறுவையைப் பற்றி அரை மணி நேரம் விவரித்த பிறகுதான் அது லிகமெண்ட் என்று எனக்குப் புரிந்தது. நீங்கள் கேட்பது அநேகமாக மெனிஸ்கஸ்.

மெனிஸ்கஸ் என்பது தொடை எலும்புக்கும் கணுக்கால் பக்கத்து எலும்புக்கும் நடுவே, பிறை வடிவில், ஒவ்வொரு முழங்காலிலும் உள்பக்கம் ஒன்றும் வெளிப்பக்கம் ஒன்றுமாக அமைந்துள்ள குருத்துத் திண்டு. வளர்ந்தவர்களுக்கு அதன் வெளி விளிம்பில் ஏறத்தாழ 10 முதல் 30 சதவீதம் வரையில்தான் இரத்த நாளங்கள் உண்டு என்பதை 1982-இல் அர்னோஸ்கி, வாரன் என்ற இருவர் காட்டினார்கள். இரத்தம் வரும் இடத்தில் கிழிந்தால் தையல் பிடிக்கும். இரத்தம் வராத உள் விளிம்பில் கிழிந்தால் பிடிப்பது கடினம். "தைத்தால் ஒட்டாது" என்று உங்கள் இரண்டாம் மருத்துவர் சொன்னதில் உள்ள உண்மை இதுதான். அது கிழிந்த இடத்தைப் பற்றிய உண்மையே தவிர, வயதை மட்டும் பற்றியது அல்ல.

09.01.2024, காலை 6.50
மேலே "கணுக்கால் பக்கத்து எலும்பு" என்று எழுதியது அசட்டுத்தனம். முழங்காலுக்குக் கீழே உள்ள கணைக்கால் எலும்பு என்று படிக்கவும். காப்பி குடிப்பதற்கு முன் எழுதியது.

10.01.2024, இரவு 9.00
என் அண்ணனின் கதை. 1977-இல், 21 வயதில், தஞ்சைப் பக்கத்தில் கபடி ஆடும்போது காலைப் பிடித்து இழுத்ததில் முழங்கால் திருகிக்கொண்டது. நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டது. அந்தக் காலத்து வழக்கப்படி மூட்டைத் திறந்து உள்பக்க மெனிஸ்கஸை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்தில் அவர் சைக்கிள் ஓட்டினார். வீட்டில் எல்லோரும் அந்த மருத்துவரைத் தெய்வம் என்றார்கள். நாற்பது வயதில் வலி தொடங்கியது, ஐம்பதில் அந்தக் கால் மட்டும் வெளிப்புறமாக வில் போல் வளைந்தது, 2018-இல் மூட்டை மாற்ற வேண்டியதாயிற்று.

அந்த மருத்துவரை நான் குறை சொல்லவில்லை. பிளாண்ட்-சட்டன் என்ற ஆங்கில அறுவை மருத்துவர் 1897-இல் மெனிஸ்கஸைப் பயனற்றுப்போன தசையின் மிச்சம் என்றே எழுதினார். அந்த எண்ணம் அரை நூற்றாண்டுக்கு மேல் நிலைத்திருந்தது. மெனிஸ்கஸ் எடுக்கப்பட்ட மூட்டில் எலும்பு விளிம்பு வளர்வதையும் இடைவெளி குறுகுவதையும் ஃபேர்பேங்க் என்பவர் 1948-இல் எக்ஸ்-ரே படங்களில் காட்டிய பிறகும் நடைமுறை மாறப் பல ஆண்டுகள் பிடித்தன. வேடிக்கை என்னவென்றால், பிளாண்ட்-சட்டன் அப்படி எழுதுவதற்கு முன்பே, 1883-இல், எடின்பரோவில் அனந்தேல் என்ற மருத்துவர் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மெனிஸ்கஸைத் தைத்து வைத்திருந்தார். தைப்பது பழைய யோசனை. அது ஒரு நூற்றாண்டு காத்திருக்க வேண்டியிருந்தது.

11.01.2024, பிற்பகல் 3.20
சித்தப்பாவின் கட்சிக்கு வருகிறேன். அவர் சொல்வதற்குப் பின்னால் வலுவான ஆதாரம் இருக்கிறது.

2013-இல் வெளிவந்த பின்லாந்து ஆய்வில், 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேரை எடுத்துக்கொண்டார்கள். எல்லோருக்கும் உள்பக்க மெனிஸ்கஸ் நாள்பட நைந்து கிழிந்திருந்தது. மூட்டுத் தேய்மானம் இல்லை. குழாய்க் கருவியை உள்ளே விட்டுப் பார்த்த பிறகு, பாதிப் பேருக்குக் கிழிந்த பகுதியை உண்மையாகவே நறுக்கி எடுத்தார்கள். மற்றவர்களுக்கு நறுக்குவது போல் நடித்தார்கள்: கத்தி கழற்றிய கருவியை முழங்கால் சில்லின் மேல் வெளியிலிருந்து அழுத்தி, அதே ஓசையை எழுப்பி, அதே நேரம் மேசையில் கிடத்தியிருந்தார்கள். ஓராண்டுக்குப் பிறகு இரு சாராருக்கும் ஏறக்குறைய ஒரே அளவு வலி குறைந்திருந்தது. உடல் எவ்வளவு எளிதாக ஏமாறுகிறது என்று நினைத்தால் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் அவமானமாகவும் இருக்கிறது.

2016-இல் நார்வேயில் 140 பேரிடம், 12 வார உடற்பயிற்சியையும் நறுக்கி எடுப்பதையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டுகளின் முடிவில் வேறுபாடு இல்லை. தொடைத் தசையின் வலிமையில் மட்டும், தொடக்க மாதங்களிலேனும், பயிற்சி செய்தவர்கள் முந்தியிருந்தார்கள். 2018-இல் நெதர்லாந்தில் 45 முதல் 70 வயது வரையுள்ள 321 பேரிடம் நடந்த ஆய்வும் பிசியோதெரபி இதற்குக் குறைந்ததல்ல என்றே முடிந்தது. இவற்றுக்கிடையே, 2017-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட பரிந்துரை, தேய்மான மூட்டு நோய் உள்ள ஏறத்தாழ எவருக்கும் இந்தத் துளை அறுவை வேண்டாம் என்று அழுத்தமாகச் சொன்னது.

இன்னொரு செய்தி. அமெரிக்காவின் ஃபிரேமிங்ஹாமில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, வலியே இல்லாதவர்களில் 61 சதவீதம் பேருக்குக் கிழிவு இருந்தது.

11.01.2024, இரவு 11.05
திருத்தம். கடைசி வாக்கியத்தைத் தலைகீழாக எழுதிவிட்டேன். கிழிவு இருந்தவர்களில் 61 சதவீதம் பேர், அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ விறைப்போ இருந்ததாகச் சொல்லவில்லை என்பதே சரி. முப்பது ஆண்டுகள் கணக்குப் பிரிவில் இருந்தவள் பகுதியையும் தொகுதியையும் மாற்றி எழுதினால் என்ன செய்வது? எப்படியானாலும் பொருள் இதுதான்: அந்த வயதில் படத்தில் கிழிவு தெரிவதும், அந்தக் கிழிவால்தான் வலி என்பதும் ஒன்றல்ல.

13.01.2024, காலை 7.10
என் கணவரின் இடது முழங்கால் இந்த வகையைச் சேர்ந்தது. 2022-இல், 61 வயதில், அடிபடாமல், திருகாமல், மெல்ல மெல்ல வலி வந்தது. அறிக்கையில் கிடைமட்டக் கிழிவு என்று இருந்தது. ஒரு மருத்துவமனையில் அன்றே படுக்கை ஒதுக்கத் தயாராக இருந்தார்கள், பெயர் வேண்டாம். நாங்கள் வேறொரு மருத்துவரிடம் போனோம். அவர், கால் பூட்டிக்கொள்கிறதா, முழுதாக நீட்ட முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளைக் கேட்டு, தரையில் நிற்கவைத்து எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்து, மூன்று மாதம் பயிற்சி செய்துவிட்டு வரச் சொன்னார்.

அவர் பயிற்சி செய்த அழகைச் சொல்ல வேண்டும். தொடைத் தசையை இறுக்கிப் பத்து எண்ண வேண்டும் என்றால், தொலைக்காட்சிச் செய்தியைப் பார்த்துக்கொண்டு மூன்று வரை எண்ணுவார். ஐந்து வாரம் எந்தப் பலனும் இல்லை, என்னோடு சண்டைதான் மிச்சம். பிசியோ பெண் வீட்டுக்கே வந்து, காலில் மணல் பை கட்டி, நாற்காலியில் கை ஊன்றாமல் எழுந்து உட்காரவைத்த பிறகுதான் மாற்றம் தெரிந்தது. பத்தாவது வாரத்தில் மாடிப்படி இறங்கும் வலி குறைந்தது. ஆறு கிலோ எடை குறைந்ததும் இதில் சேர்ந்திருக்கும். இன்றும் நீண்ட நேரம் நடந்தால் இரவில் வலிக்கிறது என்கிறார். கிழிவு அப்படியேதான் இருக்கிறது.

16.01.2024, மாலை 5.45
கேள்வி கேட்டவர் நேற்று அறிக்கையின் பத்தியை எழுதியிருக்கிறார்: "உள்பக்க மெனிஸ்கஸின் பின் வேரில் முழுக் கிழிவு, மெனிஸ்கஸ் 4 மில்லிமீட்டர் வெளியே பிதுங்கியுள்ளது, அடியில் எலும்பு நீர்கோத்துள்ளது." கூடவே, நவம்பரில் தாயார் குந்தி அமர்ந்து துணி துவைத்துவிட்டு எழுந்தபோது முழங்காலுக்குப் பின்னால் "டப்" என்று ஓசை கேட்டதாகவும், அந்த நிமிடம் முதல் வலி என்றும் சொல்கிறார்.

நான் இதுவரை எழுதியவற்றைச் சற்று ஒதுக்கிவையுங்கள். என் கணவரின் கதை உங்கள் தாயாருக்குப் பொருந்தாது. என் கதை பொருந்தும்.

16.01.2024, இரவு 10.30
2019 ஜனவரி, பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு. எனக்கு அப்போது 53 வயது. முற்றத்தைக் குந்தி அமர்ந்து தேய்த்துவிட்டு எழுந்தபோது வலது முழங்காலின் பின்புறம் மரக்கிளை ஒடிவது போன்ற ஓசை. வலியைவிட அந்த ஓசைதான் முதலில் பயமுறுத்தியது. எக்ஸ்-ரேயில் ஒன்றும் இல்லை. "வயதானால் தேய்மானம் வரும் அம்மா" என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்றாம் வாரம் மூட்டில் ஊசி போட்டார்கள். ஏழாவது வாரத்தில் எம்.ஆர்.ஐ. எடுத்தபோதுதான் வேர் அறுந்தது தெரிந்தது. அதன் பிறகு அதைத் தைத்தார்கள். அந்த ஓசையைப் பற்றி நான் இரண்டு இடங்களிலும் சொன்னேன். ஒருவரும் எழுதிக்கொள்ளவில்லை.

வேர் என்பது மெனிஸ்கஸின் முனை எலும்போடு கட்டப்பட்டிருக்கும் இடம். மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சுற்றி இரும்புப் பட்டை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பட்டை ஓரிடத்தில் அறுந்தால் போதும், மரத்துண்டுகள் பாரம் தாங்காமல் விரிந்துவிடும். பட்டையின் மற்ற பகுதி முழுதாக இருந்தும் பயனில்லை. மெனிஸ்கஸும் எடையைச் சுற்றுவட்ட இழுவிசையாக மாற்றித் தாங்குகிறது. வேர் அறுந்ததும் அது வெளியே பிதுங்கிவிடுகிறது, எலும்பின் மேல் நேரடியாக எடை விழுகிறது. 2008-இல் வெளியான, இறந்தோர் முழங்கால்களில் செய்த சோதனையில், பின் வேர் அறுந்தால் உள்பக்க மூட்டின் உச்ச அழுத்தம் சுமார் 25 சதவீதம் கூடியது. மெனிஸ்கஸை முழுதாக எடுத்த நிலைக்கும் அதற்கும் வேறுபாடு தெரியவில்லை. வேரைத் திரும்பக் கட்டியபோது அழுத்தம் இயல்புக்கு வந்தது. அதாவது, என் அண்ணனுக்கு 1977-இல் கத்தியால் நடந்தது எனக்கு முற்றம் தேய்த்ததில் நடந்திருக்கிறது.

குந்துவதும் தரையில் அமர்வதும் வழக்கமாக உள்ள ஆசிய நாடுகளில், நடுவயதுப் பெண்களிடம் இது அதிகம் காணப்படுவதாகக் கொரிய மருத்துவர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள்.

17.01.2024, காலை 9.00
கோவை நண்பர் ஒருவர், "11-ஆம் தேதி அறுவை வீண் என்று ஆய்வுகளை அடுக்கிவிட்டு, 16-ஆம் தேதி அறுவை வேண்டும் என்பது முரண் அல்லவா?" என்று கேட்கிறார். நியாயமான கேள்வி, நான் அன்றே சொல்லியிருக்க வேண்டியது. அந்த ஆய்வுகள் அனைத்தும் கிழிந்த பகுதியை நறுக்கி எடுப்பதைப் பற்றியவை. ஒன்றுகூடத் தைப்பதைப் பற்றியது அல்ல. இரண்டும் அதே துளை வழியாக, அதே கருவியோடு நடப்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒன்றாகத் தெரிகின்றன. நறுக்குவது இருக்கும் திண்டைக் குறைக்கிறது; தைப்பது அதை அதன் இடத்தில் மீண்டும் உட்காரவைக்க முயல்கிறது.

வயதைப் பற்றியும் கேட்டிருக்கிறார். நாற்பதைக் கடந்தவர்களையும் இளையவர்களையும் ஒப்பிட்டுத் தொகுத்த ஆய்வுகள், வயது ஒன்றையே தடையாகக் காணவில்லை. வேர்க் கிழிவில் இன்னொரு சாதகம் உண்டு. கணைக்கால் எலும்பில் துளை போட்டு, வேரில் கோத்த நூலை அதன் வழியே இழுத்து, முன்பக்கம் ஒரு சிறு உலோகப் பொத்தானில் கட்டுகிறார்கள். ஆகவே அது எலும்போடு ஒட்ட வேண்டும். எலும்புக்கு இரத்த ஓட்டம் உண்டு. உண்மையான தடைகள் வேறு: குருத்தெலும்பு முன்பே வெகுவாகத் தேய்ந்திருப்பது, கால் ஐந்து பாகைக்கு மேல் வெளிப்புறமாக வில் போல் வளைந்திருப்பது, அதிக உடல் எடை. தேய்மானம் முற்றிய மூட்டில் தைப்பது இடிந்த வீட்டுக்கு வெள்ளையடிப்பது. அந்த நிலையில் இருப்பவருக்கு உங்கள் இரண்டாம் மருத்துவர் சொன்னதே சரி.

17.01.2024, காலை 9.20
நேற்று அறுவை "வேண்டும்" என்று நான் எழுதவில்லை, என் கதை பொருந்தும் என்றுதான் எழுதினேன். ஆனால் படிப்பவருக்கு அப்படித்தான் பட்டிருக்கும், ஒப்புக்கொள்கிறேன்.

20.01.2024, பிற்பகல் 2.00
தாயாருக்கு அறுவைக்குப் பின் என்ன நடக்கும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு வேரைத் தைத்த அறுவை ஒன்றரை மணி நேரம். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். அது எளிய பகுதி. அதற்குப் பிறகு ஆறு வாரம் அந்தக் காலைத் தரையில் ஊன்றக் கூடாது என்றார்கள். இதை யாரும் முன்கூட்டி விளங்கும்படி சொல்வதில்லை. 57 வயதில் வாக்கரைப் பிடித்து ஒற்றைக் காலில் குளியலறைக்குப் போவது சின்ன வேலை அல்ல. எனக்கு இரண்டாம் வாரத்தில் மணிக்கட்டும் இடது இடுப்பும் முழங்காலைவிட அதிகம் வலித்தன. முழங்காலைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கவும் அனுமதி இல்லை.

வீட்டில் நாற்காலிக் கழிப்பறை இல்லையென்றால் அறுவைக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். படுக்கை கீழ்த்தளத்தில் இருக்கட்டும். காலில் இரத்தம் உறையாமல் இருக்க என்ன மருந்து, எத்தனை நாள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நறுக்கும் அறுவையிலேயே ஆயிரத்துக்கு நான்கு பேர் அளவில் காலில் உறைவு ஏற்படுவதாக ஒரு தொகுப்பாய்வு கணக்கிட்டது. ஆறு வாரம் ஊன்றாமல் கிடக்கும் காலைப் பற்றிக் கேட்காமல் விடக் கூடாது. எனக்கு ஆறாம் வாரம் அளந்தபோது வலது தொடையின் சுற்றளவு இடதைவிட 3 சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அதை மீட்க எட்டு மாதம் ஆனது. என் கணவருக்குச் சொன்ன அதே பயிற்சிகள்தான். நான் பத்து வரை எண்ணினேன்.

20.01.2024, இரவு 8.40
காப்பீடு பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக: பல பாலிசிகளில் வயது சார்ந்த மூட்டு நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் உண்டு. என் வெளிநோயாளிச் சீட்டில் "தேய்மானம்" என்று எழுதப்பட்டிருந்த ஒரு சொல்லுக்காக என் கோரிக்கை மூன்று முறை திரும்பி வந்தது. ஓசை கேட்ட நாள், உட்கார்ந்து எழுந்த விதம் ஆகியவற்றை முதல் சீட்டிலேயே எழுதச் சொல்லி வற்புறுத்துங்கள்.

23.01.2024, மாலை 6.15
முறிவெண்ணெய் தேய்க்கலாமா என்று இருவர் கேட்டிருக்கிறார்கள். நான் தேய்த்தேன், இதமாக இருந்தது, வேர் ஒட்டவில்லை. குளுக்கோசமைன் மாத்திரையும் மூன்று மாதம் விழுங்கியிருக்கிறேன். அதனால் என் முழங்காலில் நான் எந்த மாற்றத்தையும் உணரவில்லை. இந்த இரண்டுக்கும் மேல் இதைப் பற்றிப் பேச ஒன்றும் இல்லை.

27.01.2024, இரவு 11.50
முழு உண்மையைச் சொல்லாமல் விட்டது உறுத்துகிறது. அறுவை முடிந்து பதினான்கு மாதங்கள் கழித்து எடுத்த எம்.ஆர்.ஐ.யில், வேர் ஒரு பகுதிதான் ஒட்டியிருந்தது. பிதுக்கம் முன்பிருந்ததிலிருந்து அதிகம் குறையவில்லை. அன்று மருத்துவமனை வாசலிலேயே அழுதேன். வலி பெரும்பாலும் போய்விட்டது, மாடி ஏறுகிறேன், சந்தைக்கு நடந்து போகிறேன். இருந்தும் படத்தைப் பார்த்து அழுதேன். என் கணவர்தான், "வலி இல்லாதவர்களுக்கும் கிழிவு இருக்கிறது என்று எனக்கு வகுப்பு எடுத்தாயே" என்றார்.

முழுமையாக ஒட்டாமல் போவதும் பிதுக்கம் மிஞ்சுவதும் இந்த அறுவையில் அபூர்வம் அல்ல என்று பின்னர் அறிந்தேன். வேரைத் தைத்துக்கொண்டவர்களில் மூட்டு மாற்றம் வரை போனவர்கள், நறுக்கிக்கொண்டவர்களையும் சும்மா விட்டவர்களையும்விடக் குறைவு. ஆனால் தேய்மானம் நின்றுவிடுவதில்லை, மெதுவாகிறது. அந்த ஏழு வாரத்தில் நான் நடந்து நடந்து எலும்பைத் தேய்க்காமல் இருந்திருந்தால் இன்னும் நன்றாக ஒட்டியிருக்குமா என்ற கேள்வி எனக்குத் தீரவில்லை. உங்கள் தாயாருக்கு நவம்பரில் கிழிந்தது; இப்போது ஜனவரி முடிகிறது. முடிவு எதுவானாலும் அது வரும் வரை ஊன்றுகோல் இல்லாமல் அவரை நடக்கவிடாதீர்கள், குந்தவே விடாதீர்கள். எலும்பில் நீர் கோத்திருப்பதாக எழுதியிருப்பது அலட்சியப்படுத்தக் கூடியது அல்ல.

அடுத்த மருத்துவரிடம் கேட்க வேண்டியது: இடுப்பு முதல் கணுக்கால் வரை நிற்கவைத்து எடுக்கும் நீள எக்ஸ்-ரேயில் கால் எத்தனை பாகை வளைந்திருக்கிறது, குருத்தெலும்பு எந்த அளவு மிஞ்சியிருக்கிறது, நீங்கள் செய்யப்போவது நறுக்குவதா தைப்பதா. மூன்றாவது கேள்விக்கு "உள்ளே போய்ப் பார்த்து முடிவு செய்வோம்" என்று பதில் வந்தால், எதைப் பார்த்தால் எதைச் செய்வீர்கள் என்று மறுபடியும் கேளுங்கள்.

09.02.2024, இரவு 9.30
வளைவு இரண்டு பாகைதான், குருத்தெலும்பு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது, தைப்பது என்று முடிவாகி 15-ஆம் தேதி அனுமதி என்று எழுதியிருக்கிறார். வாக்கர் விலைக்கு வாங்குவதா வாடகைக்கு எடுப்பதா என்று கேட்கிறார். நீங்கள் திருச்சியில் இருப்பதாகச் சொன்னீர்கள். என்னுடையது பரணில் சும்மா கிடக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள். கீழே உள்ள ரப்பர் குப்பிகளில் இடது முன்பக்கத்தது தேய்ந்துபோயிருக்கிறது. ஈரத் தரையில் வழுக்கும். நான்கையும் மாற்றிவிட்டுத் தாயாரிடம் கொடுங்கள்.